பெத்தானியாவில் கூப்பிட்ட பெயர்

எங்கள் புனித பூமிப் பயணக் குழுவில் என் மகளின் பெயரில் ஒரு பெண் இருந்தாள். மதுரை விமான நிலையத்தில் எல்லோருக்கும் கழுத்தில் மாட்டுகிற அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அவளுடைய அட்டை முதலில் புரண்டு கிடந்தது. அவள் குனிந்து நிமிர்ந்தபோது திரும்பியது, படித்துவிட்டேன். பெரியகுளத்தில் நர்ஸ் வேலை, முப்பத்தைந்து வயதிருக்கும், சிரித்த முகம். என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாத பெண்மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? ஆனால் இருந்தது.

வேதத்தில் பெண்களின் பெயர்களே கொஞ்சம். அதில் பிள்ளைக்கு வைக்கத் தோதானவை இன்னும் கொஞ்சம். எந்தச் சபைக்குப் போனாலும் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். அதனால் எங்கள் வீடுகளில் ஞானஸ்நானத்துக்கு ஒரு பெயர், கூப்பிட ஒரு பெயர். என் மகளையும் ஞானஸ்நானப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டது கிடையாது. அது பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் உரிய பெயர். அந்தப் பெயரை நான் கடைசியாக எழுதியது சபையின் தீர்மான நோட்டில்.

எனக்குத் தேனி பஜாரில் பம்பு செட்டும் சொட்டுநீர்க் குழாயும் விற்கிற கடை. பதினோரு வருடம் எங்கள் சபைக் கமிட்டிக்குச் செயலாளராக இருந்தேன். கறாரான ஆள் என்று பெயர் எடுத்தவன், அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் உண்டு. சபைக்கு வெளியே, வேறு முறையில் கல்யாணம் செய்துகொண்டவர்களின் பெயரை உறுப்பினர் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். அவர்களுக்குத் திருவிருந்து கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. இது எங்கள் சபை விதி. நான் உண்டாக்கியது அல்ல. ஆனால் அதைக் கடைப்பிடித்தவன் நான்.

பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவருடைய மகன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டான். இரண்டு வருடத்தில் பைபாஸ் ரோட்டில் வண்டி மோதிச் செத்துப்போனான். கல்லறைத் தோட்டத்தில் ஆறடி கொடுங்கள் என்று அந்த மனிதர் என் கடை வாசலில் நின்று அழுதார். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றேன். பையனை நகராட்சிச் சுடுகாட்டு ஓரத்தில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அந்தத் தகப்பன் சபையை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்தார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நான் பாட்டுப் பாடினேன்.

என் மகள் பி.காம். முடித்துவிட்டுக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். காமயகவுண்டன்பட்டியிலிருந்து திராட்சைத் தோட்டத்துக்குக் குழாய் வாங்க ஒரு பையன் வருவான். ஒரு வால்வுக்காக மூன்று தடவை வந்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், வியாபார மும்முரத்தில் புரியவில்லை. அவர்கள் வீட்டு முறைப்படி கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை. அடுத்த மாதக் கமிட்டியில் அவள் பெயரை எடுக்கும் தீர்மானத்தை நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டேன். வேறு யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாம் என்று பாஸ்டரே சொன்னார். நான் கேட்கவில்லை. அவளுடைய அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், அந்த மட்டில் அவள் புண்ணியவதி.

நாலு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு மகளுக்கு ரத்தத்தில் நோய் என்று காதில் விழுந்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தப் பையன் கடைக்கு வந்தான். வாடிக்கைக்காரர்கள் நிற்கிற இடத்தில் நின்றான். அவள் பிழைக்க மாட்டாள், அவளுடைய அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு இடம் வேண்டும் என்றான். கேட்டதும் எனக்கு மகளின் முகம் ஞாபகம் வரவில்லை. முன்பெஞ்சில் உட்காரும் தையல்காரரின் முதுகுதான் வந்தது. அவருக்குச் சொன்னதையே இவனுக்கும் சொன்னேன், வார்த்தை மாறாமல். சரிங்க மாமா என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மதுரைக்குப் போய் அவளைப் பார்க்கலாம் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது.

சேதி வந்ததும் பஸ் ஏறிக் கம்பம் வரை போனேன். பஸ் ஸ்டாண்டில் காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ் இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. ஒரு டீ குடித்தேன். அது கிளம்பிப் போனது. அடுத்ததும் போனது. நான் தேனி பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். அவளை எரித்து, சாம்பலைச் சுருளி ஆற்றில் கரைத்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அதிலிருந்து ஒரே கேள்விதான் என்னைத் தின்றுகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை என் கடையிலிருந்து போனவன் ஆஸ்பத்திரியில் அவளிடம் என்ன சொன்னான்? அப்பா என்ன சொன்னாக என்று அவள் கேட்டிருப்பாளா? நான் முடியாது என்றதைக் கேட்டுக்கொண்டு மூன்று நாள் படுத்திருந்தாளா, இல்லை எதுவும் தெரியாமல் போனாளா? செய்தது செய்ததுதான். ஆனால் அவள் தெரிந்து போனாளா என்பது மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். கடையில் ஆள் வந்து முக்கால் இஞ்ச் குழாய் கேட்டால் இரண்டு இஞ்ச் எடுத்துப் போடுவேன். செயலாளர் பொறுப்பையும் விட்டேன். ஒரு மாறுதலாக இருக்கும் என்று சபையில் எல்லோரும் சேர்ந்து என்னைப் புனித பூமிப் பயணத்தில் ஏற்றிவிட்டார்கள்.

பயணத்துக்கு எங்களைக் கூட்டிப்போன பாஸ்டருக்கு ஆள் தவறிவிடும் என்று பயம். எந்த இடத்திலிருந்து கிளம்பினாலும் பஸ்ஸில் நின்று பட்டியலைப் படிப்பார். பட்டியலில் என் பெயருக்கு அடுத்த பெயர் அந்த நர்ஸ் பெயர். நான் உம் என்பேன். உடனே என் மகளின் பெயரைக் கூப்பிடுவார். பின் சீட்டிலிருந்து "வந்துட்டேன்" என்று ஒரு குரல் வரும். நாசரேத்தில், கானாவில், கலிலேயாக் கடலில் படகிலிருந்து இறங்கியபோது, பெத்லகேமில், ஒரு நாளைக்குப் பத்து தடவை அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள். பத்து தடவையும் யாரோ ஒருத்தி வந்துவிட்டேன் என்றாள். மூன்றாம் நாளே பாஸ்டர் பட்டியலைக் கையில் எடுத்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தேன். காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது. நானே அந்தக் குரலுக்காகக் காத்திருக்கவும் தொடங்கியிருந்தேன்.

அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. "சிஸ்டர்" என்பேன், இல்லாவிட்டால் இந்தாம்மா. அவள் கவனித்திருப்பாள். ஆனாலும் படி வருகிற இடங்களில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

யோர்தானில் எல்லோரும் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். ஆறு என்றதும் நான் நம் முல்லைப் பெரியாறு அளவுக்காவது எதிர்பார்த்துப் போயிருந்தேன். பச்சையாக, அகலமில்லாமல், சத்தமில்லாமல் போயிற்று. மீன்கள் காலைக் கடித்தன. பெண்கள் கூச்சம் தாங்காமல் சிரித்தார்கள். சபையில் கொடுக்க ஆளுக்குப் பத்துப் பாட்டிலில் தண்ணீர் பிடித்தோம். குனிந்து பிடித்துக்கொண்டிருந்தபோது தண்ணீரில் சாம்பல் மிதப்பதுபோல் இருந்தது. மரத்திலிருந்து உதிர்ந்த பூந்தூள்தான். நன்றாகப் பார்த்தேன், பூந்தூள்தான். ஆனாலும் அந்தப் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு வேறு இடத்தில் பிடித்தேன்.

ஒலிவ மலைச் சரிவு முழுக்க யூதர்களின் கல்லறைகள். மலை தெரியவில்லை, கல்லறைகள்தான் தெரிந்தன. பூ வைப்பதில்லை, வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஒரு சின்னக் கல்லை மேலே வைத்துவிட்டுப் போகிறார்கள். எல்லோரும் எருசலேம் நகரத்தைப் பின்னால் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். நான் அந்தச் சின்னக் கற்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை ஆயிரம் பேருக்கு இடம் இருந்திருக்கிறது. ஆயிரம் வருடம் கழித்தும் ஒருவன் வந்து, இங்கேதான் என்று குனிந்து கல் வைக்க முடிகிறது. ஈஸ்டர் அன்று விடியற்காலையில் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் எல்லா வீட்டுக்காரர்களும் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். மகளுக்கு ஏற்ற எனக்கு இடம் கிடையாது. எனக்கு இடம் கொடுக்காதவன் நான்.

மறுநாள் தோட்டக் கல்லறைக்குப் போனோம். ஆண்டவரை வைத்த இடம் என்று காட்டினார்கள். உள்ளே பாறையில் வெட்டிய படுக்கை காலியாக இருந்தது. வெளியே வந்தவர்கள் முகமெல்லாம் சந்தோஷம். காலியாக இருப்பதைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் வந்தோம். பாஸ்டர், ஒரு பணக்காரர் தனக்கென்று புதிதாக வெட்டி வைத்திருந்த கல்லறையை ஆண்டவருக்காகக் கொடுத்த கதையைச் சொன்னார். பிறந்ததிலிருந்து ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் கேட்ட கதை. நானே இரண்டு தடவை அதை வைத்துப் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் அது என் கன்னத்தில் அறைந்தது. என் மனைவிக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு இடம் எழுதி வைத்திருக்கிறேன். அந்த இடம் இப்போதும் காலியாகத்தான் கிடக்கிறது. என் இடத்தில் என் மகள் படுக்கட்டும், என்னை எங்கேயாவது போடுங்கள் என்று கமிட்டியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கமிட்டி முடியாது என்று சொல்லியிருக்கலாம், அது வேறு விஷயம். நான் கேட்கவே இல்லை. கமிட்டிக்குக் கொண்டுபோகாமல், கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே நானே பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். தோட்டக் கல்லறை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் வந்து நாடி பிடித்துப் பார்த்தாள்.

கடைசி நாள் பெத்தானியா. எருசலேமிலிருந்து கூப்பிடு தூரம் என்று படித்திருந்தேன், நடுவில் பெரிய சுவர் எழுப்பியிருப்பதால் பஸ் சுற்றிக்கொண்டு போயிற்று. செத்து நாலு நாள் கழித்து ஆண்டவர் கூப்பிட்டதும் எழுந்து வந்தவனுடைய கல்லறை அங்கே இருக்கிறது. தெருவோரம் ஒரு சின்ன வாசல். உள்ளே நுழைந்ததும் படி செங்குத்தாகப் பூமிக்குள் இறங்குகிறது. கிணற்றுக்குள் இறங்குவது போலத்தான். அடியில் ஒரு அறை, அதற்கும் கீழே குனிந்து நுழைகிற இன்னொரு பொந்து.

அங்கே போகிற குழுக்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவர் கீழே இறங்கிப் போய் நிற்பார். இன்னொருவர் மேலே நின்று அவர் பெயரைச் சொல்லி, வெளியே வா என்று சத்தமாகக் கூப்பிடுவார். அவர் படியேறி வருவார், எல்லோரும் அல்லேலூயா சொல்வார்கள், போனில் படம் பிடிப்பார்கள். பட்டியல் வரிசைப்படி இரண்டிரண்டு பேர் என்றார் பாஸ்டர். எனக்கு ஜோடி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு முட்டிவலி என்பதால் தானே இறங்குவதாகச் சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவள் போய்விட்டாள். அவளுடைய வெள்ளைத் தொப்பி ஒவ்வொரு படியாக இறங்கி, பிறகு தெரியவில்லை.

வாசலில் நின்றேன். பின்னால் எங்கள் ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் வேறு ஏதோ தேசத்துக் குழு. "கூப்பிடுங்க ஐயா" என்றார் பாஸ்டர். ஒன்பது நாள் ஒதுக்கிவந்த பெயர். அட்டையில் இருக்கிற பெயர், தீர்மான நோட்டில் இருக்கிற பெயர். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது என் மகளின் வீட்டுப் பெயர்.

பள்ளத்துக்குள் அது போய் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். இன்னும் சத்தமாக, கடையில் பில் போடுகிறவளை மாடி வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிடுவேனே, அதே மாதிரி. வா, வீட்டுக்கு வா என்றேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது கீழே கல்லில் காலடிச் சத்தம் கேட்டது. மெதுவாக, நின்று நின்று, இளைத்த உடம்பு ஏறி வருகிற மாதிரி. ஒரு மூச்சு நேரம் நான் நம்பினேன். சத்தியமாக நம்பினேன். அவள் வந்தால் முதலில் என்ன சொல்வது என்றுகூட யோசித்தேன்.

வெள்ளைத் தொப்பி தெரிந்தது. நர்ஸ் பாதிப் படியில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"அங்கிள், யாரைக் கூப்பிட்டீக?"

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. படம் பிடித்துக்கொண்டிருந்தவர் போனை இறக்கிவிட்டார். அவள் மீதிப் படியை ஏறி வந்து, என் தோளைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிவந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கமிட்டியில் இருந்த பதினோரு வருடத்தில் நான் யாரிடமும் பாவ அறிக்கை செய்தது கிடையாது, அன்றைக்கு ஒரு பெரியகுளத்து நர்ஸிடம் செய்தேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள், அவளுக்குத் தெரியும் என்று நினைத்து, கடைசியில் கேட்டேன், இந்த மாதிரிச் சேதியைச் சாகக் கிடக்கிறவர்களிடம் சொல்வார்களா என்று.  சொல்கிறவர்களும் உண்டு, மறைக்கிறவர்களும் உண்டு, இதை என்னிடம் கேட்டு என்ன என்றாள். பிறகு, "அவ வீட்டுக்காரரு உசுரோடதான இருக்காரு? போய்க் கேளுங்க" என்றாள். பாஸ்டர் பட்டியலை எடுத்தார். அவள் பெயர் வந்தபோது குரல் கொடுக்காமல் கையை மட்டும் தூக்கினாள்.

ஊருக்கு வந்தும் மூன்று வாரம் நான் கேட்கப் போகவில்லை. பயம்தான். கேள்வியோடு இருப்பது நரகம் என்றாலும் அது பழகிய நரகம். பதில் எப்படியிருக்கும் என்று தெரியாது. புனித பூமிக்குப் போய்வந்தவர்கள் சபையில் சாட்சி சொல்ல வேண்டும். எழுந்து நின்றேன், போன இடங்களின் பெயரை மட்டும் வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்து யோர்தான் தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது தையல்காரர் வந்து கை நீட்டினார். மகன் குழிமேல் ஊற்றப் போவதாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்குச் சுடுகாட்டு ஓரத்துலயாச்சும் போயி நிக்க ஒரு இடம் இருக்குய்யா. உங்களுக்கு அதுவும் இல்லையே" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலையில் கம்பம் பஸ் ஏறினேன். அங்கே நின்ற டவுன் பஸ்ஸிலும் ஏறி உட்கார்ந்தேன்.

திராட்சைத் தோட்டத்தில் கவாத்து நடந்துகொண்டிருந்தது. இலையெல்லாம் போய் வெறும் கொடி பந்தலில் கிடந்தது. கவாத்துக் கத்தரியோடு ஸ்டூல்மேல் நின்றவர், முன்பு குழாய் வாங்க வந்த அதே பையன்தான், என்னைப் பார்த்ததும் கீழே இறங்கி, ஒரு பழக் கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்காரச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். காலடியில் ஓடிய குழாயைப் பார்த்தேன். வேறு கடைச் சரக்கு. மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று தெரிந்தது. இளைத்திருந்தார்.

நேராகக் கேட்டுவிட்டேன். சுற்றி வளைத்தால் எழுந்து வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"அன்னைக்குக் கடையில நான் சொன்னதை அவகிட்டச் சொன்னீகளா?"

அவரை நான் மரியாதையாகப் பேசியது அதுவே முதல்முறை. அவர் கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

"இல்ல மாமா. நான் உங்க கடைக்கு வந்ததே அவளுக்குத் தெரியாது."

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று வாய் வரை வந்துவிட்டது. தெரியாமல்தான் போயிருக்கிறாள். இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி அப்பால் வைத்த மாதிரி இருந்தது. சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கொடியைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"அத்தை பக்கத்துல படுக்கணும்னு அவளுக்கு ஆசை இருந்துச்சு. ஒரே ஒரு தடவை சொன்னா. நான் மாமாகிட்டப் போயிக் கேக்கட்டான்னேன். கேக்கவே கூடாதுன்னு கையைப் புடிச்சுக்கிட்டா. 'எங்கப்பா முடியாதுன்னுதான் சொல்லுவாக. அவுகளுக்கு வேற வழி இல்ல. சொல்லிட்டு அதையே நெனச்சுக்கிட்டுக் கெடப்பாக. அம்மாவும் இல்ல, நானும் இருக்க மாட்டேன், தனியாக் கெடந்து தவிப்பாக. எங்கப்பாவை அப்படிச் சொல்ல வச்சிராதீக'ன்னா."

பந்தலுக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என் கையிலிருந்த சொம்பு நழுவிக் கீழே விழுந்தது. என் மருமகன் அதை எடுத்துத் துடைத்தார். நான் அவரை மருமகன் என்று சொல்வதும் இதுதான் முதல்முறை. அவர் கண்ணும் நிறைந்திருந்தது.

"நாந்தான் மனசு கேக்காம, அவ பேச்சை மீறி உங்ககிட்ட வந்து கேட்டுப்புட்டேன். என்னை மன்னிச்சுக்கங்க மாமா" என்றார்.